மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிபேப்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் மாடி வீட்டுக்காரருக்குப் போன மாதம் மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்யும் ஆபரேஷன் நடந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஆப்னியா இருப்பதால், மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றை ஊதும் சிபேப் மெஷினை இரண்டு வருடமாக மாட்டிக்கொண்டு தூங்குகிறவர். வீடு திரும்பிய அன்று இரவு பத்தரை மணிக்கு என் கதவைத் தட்டினார். "சார், மூக்கு முழுக்க அடைச்சு வச்சிருக்காங்க. மெஷினை எப்படிப் போடுறது?" ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். தட்டுவதற்குத்தான் கதவு இல்லை.

குனியாதே, கனம் தூக்காதே, புகை பிடிக்காதே என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். அதில் இல்லாததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒன்பது வருடமாக மாஸ்க்கோடு படுக்கிறவன்.

மாஸ்க்கைப் பற்றி ஆபரேஷனுக்குப் பிறகு யோசிப்பது

என்னிடம் இருந்தது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். மூன்று வருடம் பழகியது. ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு பக்கமும் பேக்கிங் வைத்தார்கள். நடுச்சுவரைத் தாங்க சிலிக்கோன் ஸ்பிளிண்ட் வேறு. பேக்கிங் இரண்டு நாளில் போனது. ஸ்பிளிண்ட் ஒரு வாரம் உள்ளேயே இருந்தது. காற்றுப் போக வழியில்லாத மூக்குக்கு மூக்கு மாஸ்க் எதற்கு? மூன்று மாதத்துக்கு முன்பே தேதி குறித்திருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

முதல் ராத்திரி ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். கண் செருகும்போதெல்லாம் தொண்டை அடைத்துத் திடுக்கென்று விழிப்பு வந்தது. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மச்சான் போய், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வாங்கி வந்தார். "மீடியம் எல்லாருக்கும் சரியா இருக்கும்" என்று கடைக்காரர் கொடுத்தாராம். என் முகத்துக்குச் சரியாக இல்லை. கண்ணோரம் காற்று கசிந்து கண் எரிந்தது. கசிவை நிறுத்தப் பட்டையை இறுக்கினால், மாஸ்க்கின் மேல் விளிம்பு ஆபரேஷன் செய்த மூக்கின்மேல் போய் அழுந்தியது. உயிர் போகிற வலி. பிரித்துவிட்ட மாஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் சரிப்பட்டது, மூக்குக்கு அடியில் நின்று வாயையும் மூடும் வகை. இரண்டு மாஸ்க்குக்குமாக 13,000 ரூபாய்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அந்த ஒரு வாரத் தூக்கம். வாய்வழியாக அழுத்தக் காற்றை வாங்குவது தனிப் பழக்கம். புண்ணோடும் வீக்கத்தோடும் அதைப் பழகுவது கொடுமை. தேதி குறித்த அன்றே போய், கடையில் படுத்துப் பார்த்து வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துவது படுத்தால் கசியும். குறைந்தது பத்து இரவாவது அதோடு தூங்குங்கள். மெஷினில் மாஸ்க் வகையையும் மாற்றி வையுங்கள். தாடி மீசை இருந்தால் கசிவு கூடும். என் மீசை போனது அப்படித்தான்.

எந்த இரவிலிருந்து என்று கேட்காமல் வீடு திரும்புவது

மூக்குத் தண்டை மட்டும் நிமிர்த்தியவருக்கு ஒரு பதில், சைனஸ் அறைகளைத் திறந்தவருக்கு வேறு பதில். சைனஸுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு. அங்கே கீறல் இருந்தால் அழுத்தக் காற்று மண்டைக்குள்ளோ, கண்ணைச் சுற்றித் தோலுக்கடியிலோ புகுந்துவிடலாம். அதனால்தான் சிலரை அன்றிரவே போடச் சொல்வார்கள், சிலரை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். என் இ.என்.டி. டாக்டர் "நுரையீரல் டாக்டரைக் கேளுங்க" என்றார். அவர் "ஆபரேஷன் பண்ணினவரைக் கேளுங்க" என்றார். ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு, தேதியையும் அழுத்த அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நிறுத்தி வைத்தால், அத்தனை இரவும் எப்படித் தூங்குவது என்றும் கேளுங்கள். பொதுவாகத் தலைமாட்டை 30 டிகிரி அளவுக்கு உயர்த்தச் சொல்வார்கள். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபடுகிற கடுமையான ஆப்னியா என்றால், முதல் இரவு ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டுமா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

மெஷின் இல்லாத இரவில் வலி மாத்திரை

டிரமடால் போன்ற மருந்தும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்தும். மது தொண்டைத் தசையைத் தளர்த்தும். ஆப்னியா இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடமும், மாத்திரை எழுதுகிறவரிடமும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபைலில் இருக்கிறது, பார்த்திருப்பார்கள் என்று நான் இருந்தேன். பார்க்கவில்லை.

தண்ணீர்

மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை அணைக்காதீர்கள், காய்ந்த காற்று பட்டால் உள்ளே பொருக்குத் தட்டும். அதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மூக்கைக் கழுவும் உப்புநீருக்கும் அதுவே, அல்லது கொதிக்க வைத்து ஆறிய நீர். 2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவால் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அந்த அமீபா உடம்புக்குள் போகும் வழி மூக்குதான்.

பொருக்கைப் பிய்ப்பது

பிய்க்காதீர்கள்.

தும்மலை அடக்குவது

வாயைத் திறந்து தும்முங்கள். மாஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை இழுத்துக்கொண்டே போவது

டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். மீறினால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

ஆபரேஷன் ஆச்சு, இனி மெஷின் எதற்கு என்பது

மூக்கு திறந்துவிட்டால் ஆப்னியா போய்விடும் என்று நினைக்கிறார்கள். தூக்கத்தில் பெரும்பாலும் மூடிக்கொள்வது தொண்டை. மூக்கு ஆபரேஷன் அதைத் தொடுவதே இல்லை. கிடைக்கும் லாபம் வேறு: குறைந்த அழுத்தமே போதுமானதாகலாம், மாஸ்க்கோடு தூங்குவது சுலபமாகலாம். எனக்கு மெஷினின் அழுத்த அளவு 14-லிருந்து 11-க்கு இறங்கியது. புண் ஆறி, வீக்கம் முழுக்க வடிந்த பிறகு டாக்டரிடம் கேட்டு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தால் உங்கள் கணக்கு தெரியும்.

மாடி வீட்டுக்காரர் மெஷினைத் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிடலாமா என்று நேற்றுக் கேட்டார். அது வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன்.