சின்னத் தேடுபொறிகள்: வாசல் வரை வருபவர்களைத் திருப்பி அனுப்பும் தவறுகள்

சென்ற மாதம், புதிதாக இணையதளம் தொடங்கிய மூன்று பேருக்குக் கொஞ்சம் உதவப் போனேன். மூவரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "கூகுளை விட்டால் மற்றதிலிருந்தெல்லாம் ஆள் வருமா? பிங், டக்டக்கோ எல்லாம் ஒரு பொருட்டா?"

வரும். குறைவாகத்தான் வரும். ஆனால் அதற்காக நாம் படவேண்டிய பாடு அதைவிடக் குறைவு. அந்தக் கூட்டத்தைக் கைநழுவ விடுவது எனக்குப் பொறுக்காததற்குக் காரணமே அதுதான். மூவரில் இருவர், பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்து வைத்திருந்தார்கள். பக்கத் தலைப்பு, சைட்மேப் போன்ற பாலபாடங்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சதவீதத்தைப் பார்த்து ஒதுக்குவது

உலக அளவில் தேடலில் கூகுளின் பங்கு சுமார் 90 சதவீதம். அடுத்து வரும் பிங் ஏறக்குறைய 4 சதவீதம். இதைப் படித்ததும் பலர் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இது கைபேசிகளையும் சேர்த்த கணக்கு. மேசைக் கணினியை மட்டும் எடுத்தால் பிங்கின் பங்கு நன்றாகவே கூடும். விண்டோஸ் வாங்கினால் எட்ஜ் உலாவி இருக்கும், எட்ஜில் பிங் இருக்கும், பலர் அதை மாற்றுவதில்லை. அலுவலகக் கணினி என்றால் மாற்ற அனுமதியே இல்லாத இடங்களும் உண்டு.

என் தளம் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) சூத்திரங்களைப் பற்றியது. படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வேலை நேரத்தில், அலுவலகக் கணினியில், ஏதோ ஒரு கணக்கு உதைக்கிறது என்று தேடி வருபவர்கள். பிங்கிலிருந்து வந்தவர்கள் கூகுளிலிருந்து வந்தவர்களைவிட அதிக நேரம் நின்று படித்தார்கள், பயிற்சிக் கோப்புகளையும் அதிகம் இறக்கிக்கொண்டார்கள். உங்கள் வாசகர் யார், எந்தக் கருவியில் இருக்கிறார் என்று தெரியாமல் உலக சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கைபேசியில் மட்டுமே படிக்கப்படும் தளம் என்றால் பிங் நிஜமாகவே சொற்பம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பிங்போட்டை வாசலிலேயே தடுப்பது

இன்றைக்கும் எனக்கு ஆறாத தவறு இது. போட் என்பது தளங்களுக்குத் தானாக வந்துபோகும் நிரல். பக்கங்களைச் சேகரிக்கப் பிங் அனுப்புவது பிங்போட், கூகுள் அனுப்புவது கூகுள்போட்.

ஒரு இரவு என் தளம் மிகவும் மந்தமாகிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் கேட்டேன். "போட்கள் அதிகம் வருகின்றன, தடுப்பை இயக்கிவிடட்டுமா?" என்றார்கள். சரி என்றேன். மறுநாள் தளம் வேகமாகத் திறந்தது. எனக்கும் நிம்மதி. அந்தத் தடுப்பின் விலக்குப் பட்டியலில் கூகுள்போட் மட்டும்தான் இருந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் தினமும் பார்த்தது கூகுள் கணக்கை மட்டும். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு பழைய வாசகர் எழுதினார்: "முன்பெல்லாம் டக்டக்கோவில் தேடினால் உங்கள் பக்கங்கள் வரும். இப்போது ஒன்றுகூட வருவதில்லையே, தளத்தை மூடிவிட்டீர்களா?"

தளத்துக்கு யார் வந்தார்கள், என்ன பதில் போனது என்று பதிவாகும் சர்வர் லாக்கைத் திறந்தேன். பிங்போட் என்று தேடினேன். வரிசையாக 403, 403, 403. அதாவது 'அனுமதி இல்லை'. ஒரே பக்கத்தைக் கேட்டு, மறுக்கப்பட்டு, சில நாள் கழித்துத் திரும்ப வந்து, மறுபடியும் மறுக்கப்பட்டிருக்கிறது. நாளாக ஆக வரிகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசிப் பக்கங்களில் அது அபூர்வமாகத்தான் எட்டிப் பார்த்திருந்தது.

வாசகர் சொன்னது டக்டக்கோவை, நான் தேடியது பிங்போட்டை. ஏனென்றால் டக்டக்கோ தன் வழக்கமான இணைய முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்துதான் வாங்குகிறது. யாஹூ தேடலும் அப்படியே. ஈகோசியா என்ற தேடுபொறியும் நெடுங்காலம் பிங்கை நம்பியே இருந்தது. 2024 மே 23 அன்று பிங் சில மணி நேரம் முடங்கியபோது டக்டக்கோவும் ஈகோசியாவும் கூடவே படுத்தன, சாட்ஜிபிடியின் இணையத் தேடலும் தடுமாறியது. ஆக, பிங்போட்டுக்குக் கதவைச் சாத்தினால் நீங்கள் இழப்பது ஒரு தேடுபொறியை மட்டும் அல்ல.

தடையை நீக்கியதும் எல்லாம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். இல்லை. முதல் பக்கங்கள் மீண்டும் தலைகாட்டவே சில வாரங்கள் ஆயின. பழைய இடத்துக்கு வராத பக்கங்கள் இன்றும் இருக்கின்றன.

சென்ற மாதம் பார்த்த மூவரில் ஒரு இளைஞரின் ரோபாட்ஸ் கோப்பில் (எந்தப் போட் வரலாம், எது வரக்கூடாது என்று தளம் சொல்லும் கோப்பு) ஏறக்குறைய இருநூறு வரிகள் இருந்தன. எங்கிருந்தோ நகலெடுத்த 'கெட்ட போட்' பட்டியல். நடுவில் பிங்போட். "இந்த வரி எதற்குத் தம்பி?" என்று கேட்டேன். "தெரியலைண்ணா, எல்லாரும் போடறாங்களேன்னு போட்டேன்" என்றார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் அல்ல, அந்தப் பட்டியலைக் கைமாற்றிக்கொண்டே இருப்பவர்கள் மேல்.

இதைச் சரிபார்க்கக் கால் மணி நேரம் போதும். பிங்கில் 'சைட்' கட்டளையோடு (site:) உங்கள் தள முகவரியைத் தட்டிப் பாருங்கள். பக்கங்கள் வரவில்லையென்றால் லாக்கைத் திறந்து பிங்போட்டுக்கு 200 ('சரி' என்ற பதில்) போகிறதா, 403 போகிறதா என்று பாருங்கள். ரோபாட்ஸ் கோப்பு சுத்தமாக இருந்தும் தளத்தின் பாதுகாப்பு வேலியான ஃபயர்வால் தடுக்கலாம். 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் பக்கம் போட்டுக்கும் காட்டப்பட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அதற்காகப் பிங்போட் என்று பெயர் சொல்லி வருவதையெல்லாம் உள்ளே விடாதீர்கள். போலிகள் நிறைய. வந்த போட்டின் ஐபி முகவரியை (அதன் இணைய எண்ணை) வைத்துப் பின்னோக்கித் தேடினால் வரும் பெயர் சர்ச்.எம்எஸ்என்.காம் என்று முடிய வேண்டும். அந்தப் பெயரை முன்னோக்கித் தேடினால் அதே ஐபி திரும்ப வர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அசல்.

பிங் வெப்மாஸ்டர் டூல்ஸைத் தொடாமலே இருப்பது

உங்கள் தளத்தைப் பிங் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கருவி இது. இலவசம். கூகுளின் இதே போன்ற கருவியான சர்ச் கன்சோலில் ஏற்கெனவே தளம் இருந்தால் அப்படியே இறக்குமதி செய்துகொள்ளலாம். இதை அன்றே செய்திருந்தால் ஏழு மாதம் ஏழு நாளாகச் சுருங்கியிருக்கும். கூடவே இண்டெக்ஸ்நவ்வையும் இயக்கிவிடுங்கள். பிங்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் சேர்ந்து 2021 அக்டோபரில் கொண்டுவந்த முறை இது. புதிய பக்கம் போட்டதும் தளமே தேடுபொறிக்குச் சொல்லிவிடும். கூகுள் இதில் சேரவில்லை.

டக்டக்கோவுக்கென்று தனி எஸ்இஓ

எஸ்இஓ என்றால் தேடல் முடிவுகளில் தளம் மேலே வரச் செய்யும் வேலை. டக்டக்கோவுக்கென்று அப்படி ஒன்று கிடையாது, அதன் முடிவுகள் பெரும்பாலும் பிங்கிடமிருந்து வருபவைதானே.

'500 தேடுபொறிகளில் பதிந்து தருகிறோம்'

இப்படி விளம்பரம் செய்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சொந்தமாக இணையத்தை அட்டவணைப்படுத்தும் தேடுபொறிகளே கொஞ்சம்தான். பிரேவும் மோஜீக்கும் அந்தச் சிலரில் அடக்கம், அவையும் இணைப்புகளைப் பிடித்துத் தாமாகவே வந்து சேரும்.

பைடு, யாண்டெக்ஸ், நேவர்

இவை முறையே சீன, ரஷ்ய, கொரியத் தேடுபொறிகள். அந்த மொழிகளில் வாசகர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

போட்டை ஆளாக எண்ணுவது

லாக்கில் யாண்டெக்ஸ்போட்டும், பைடுவின் போட்டான பைடுஸ்பைடரும் நூற்றுக்கணக்கில் வருவதைக் கண்டு "அங்கிருந்தும் ஆள் வருகிறார்கள்" என்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவை பக்கத்தை எடுத்துப் போக வந்தவை, படிக்க வந்தவை அல்ல. ஆள் வந்தாரா என்பதற்கு ரெஃபரரை, அதாவது எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். டக்டக்கோவிலிருந்து வருபவர் என்ன தேடினார் என்பது ரெஃபரரில் இருக்காது, தளத்தின் பெயர் மட்டும்தான் கிடைக்கும். அதனால் அவர் எந்தப் பக்கத்தில் இறங்கினார், அடுத்து எங்கே போனார் என்று பாருங்கள். மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புலப்படும். ஒரு வாரத்தில் வரும் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எதையும் மாற்றாதீர்கள்.