எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மலேசியாவில் அரிதாகவே காணப்படும் நரம்பு நோய். பினாங்கில் ஒரு வீட்டில் ஒருவருக்கு அது வந்தால், அனுபவப்பட்டவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. வேறு நோய்களுக்கான அறிவுரைகளே வந்து குவிகின்றன. "நடக்காதே, விழுந்துவிடுவாய்" என்பது அவற்றில் முதன்மையானது. அந்தப் பயம் நியாயமானதுதான், எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் சில மாதங்களுக்குள் ஒருமுறையாவது விழுகிறார்கள் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், உட்கார வைத்து ஒருவரை விழாமல் காப்பாற்ற முடியாது. கால்கள் வலுவிழக்க, அடுத்த முறை எழும்போது ஆபத்து கூடுகிறது.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஓய்வைத்தான் வலியுறுத்தினார்கள். 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜன் குழுவினர் எம்.எஸ். உள்ளவர்களுக்கு 15 வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடல்திறன் கூடியது, நோய் மோசமாகவில்லை. அதன்பின் ஓய்வு என்ற பேச்சு மெல்ல மாறியது.

இன்று நான் அதிகம் காணும் தவறு வேறு. பயிற்சி நடக்கிறது, ஆனால் சமநிலைக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. நாம் நிற்கும்போது கண், உட்செவி, பாதம் மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை சேர்த்துப் பார்த்து உடலைச் சரிசெய்கிறது. எம்.எஸ். நோயில் நரம்புகளின் மேலிருக்கும் மைலின் உறை சேதமடைவதால் அந்தச் செய்திகள் தாமதமாகவோ குறைவாகவோ வந்து சேர்கின்றன. இருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை பழக வேண்டும். உட்கார்ந்தபடி மிதிக்கும் சைக்கிளில் தொடைக்கு வலு சேரும்; ஆனால் உடல் சாயும்போது நிமிர்த்தும் வேலையை அங்கே யாரும் மூளையிடம் கேட்பதில்லை. கால்களை நெருக்கி வைத்து நிற்பது, ஒரு காலுக்கு முன் மற்றதை வைத்து நிற்பது, கையை எட்டி நீட்டுவது, திரும்புவது, பக்கவாட்டில் அடி வைப்பது ஆகியவைதான் அதைக் கேட்கும்.

சமையலறை மேடையை இறுகப் பற்றிக்கொண்டே இவற்றைச் செய்தாலும் பலனில்லை. கை தாங்கினால் கால் ஏன் உழைக்க வேண்டும்? இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு விரல்நுனி, பிறகு மேடைக்கு மேலே தொடாமல் நிற்கும் கை என்று படிப்படியாகப் பிடியைத் தளர்த்துங்கள். லேசாகத் தள்ளாடினால்தான் பயிற்சி நடக்கிறது என்று பொருள். தள்ளாடுகிறாரே என்று பதறி ஓடிவந்து தோளைப் பிடிக்கும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தனிக் கவனம் கேட்கும் பயிற்சி. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் முழுக்கக் கண்ணையே நம்பி நிற்கிறார். அதனால்தான் முகம் கழுவும்போதும், இரவில் விளக்கில்லாமல் எழும்போதும் விழுகிறார். முதல் நாளே நடுக்கூடத்தில் கண்ணை மூடி நிற்கச் சொல்வது ஆபத்து; ஒருபோதும் செய்யாமலே விடுவதும் தவறு. சுவர்மூலையில் முதுகைக் கொடுத்து, முன்னால் உறுதியான நாற்காலி போட்டு, சில விநாடிகளில் தொடங்கலாம்.

நம் ஊரில் எல்லாவற்றையும் குழப்பிவிடுவது வெயில். பினாங்கில் ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரிக்கு மேல், கூடவே புழுக்கம். உடலுழைப்புக்குப்பின் எம்.எஸ். உள்ளவர்களின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890-இலேயே பதிவுசெய்தார்; உடல் சூடாவதே அதற்குக் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. உள்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே, சேதமடைந்த நரம்பில் செய்தி தடைபடக்கூடும். பார்வை மங்கும், கால் கனக்கும். பயிற்சிதான் கெடுத்தது என்று பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். உடல் குளிர்ந்ததும் அது சரியாகிவிடும். காலையில் வெயில் ஏறுமுன் செய்யுங்கள். மின்விசிறி, குளிர்ந்த நீர், கழுத்தில் ஈரத்துண்டு எல்லாம் உதவும். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறியோ கூடிய அறிகுறியோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் கதை வேறு. பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

பூங்காவில் நடந்து களைத்து வந்தபின் சமநிலைப் பயிற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள். களைத்த பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். அதை முதலில் செய்யுங்கள், நடை பிறகு.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பெரும்பாலும் காலணிக்குள்தான் அணிய வேண்டும். நாமோ காலணியை வாசலிலேயே விட்டு வருபவர்கள். அதிக நேரம் நடமாடும் வீட்டுக்குள் பட்டை இல்லாமல் போகிறது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமான காலணி வாங்கிவிடுங்கள். வழுக்கும் ஜப்பான் சிலிப்பர் வேண்டாம்.

வீட்டுக்குள் நன்றாக நடப்பவர் லிட்டில் இந்தியாவின் ஐந்தடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், தடுமாறுவது ஏன்? அங்கே கடைக்குக் கடை தரையின் உயரம் மாறும், எதிரே ஆள் வரும், கூடவருபவர் பேசிக்கொண்டே இருப்பார். நடையும் யோசனையும் ஒன்றுக்கொன்று போட்டியிடும். நின்று பழகியபின், தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பது, பேசிக்கொண்டு நடப்பது, பாதி நிரம்பிய குவளையோடு நடப்பது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கொலராடோவில் 88 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சமநிலைப் பயிற்சியோடு கண் அசைவுப் பயிற்சியும் செய்தவர்களின் சமநிலை மேம்பட்டது. அது 14 வாரத் திட்டம். இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று சலித்துக்கொள்வது அவசரம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

விழுந்தபின் எழுவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அது பெரிய குறை. பிசியோதெரபிஸ்ட் உடனிருக்கும்போதே பழகிவிட வேண்டும். முதலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டில் புரண்டு, மண்டியிட்டுத் தவழ்ந்து, உறுதியான நாற்காலியின் இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்வைத்து எழ வேண்டும். உதவுபவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, இருவருக்கும் அடிபடும். இன்னொரு நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து போட்டால், பாதி எழுந்ததும் அப்படியே உட்கார்ந்துகொள்ளலாம்.