அனிமோன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கிழங்கு முதல் பெயர்ச்சீட்டு வரை

"அனிமோன்" என்று மட்டும் எழுதியிருக்கும் பொட்டலத்தை வாங்கி வந்து நடுவதுதான் முதல் தவறு. அந்த ஒரு பெயரில் மாறுபட்ட குணமுள்ள செடிகள் பல விற்கப்படுகின்றன. வசந்தத்தில் சிவப்பும் நீலமுமாகப் பூக்கும் கொரோனாரியா மத்தியதரைக் கடலோரச் செடி. அதற்கு நல்ல வெயில் வேண்டும், கோடையில் மண் காய்ந்தும் கிடக்க வேண்டும். நெமரோசா ஐரோப்பியக் காடுகளில் மரத்தடியில் வளர்வது, நிழலும் இலை மட்கும் கேட்கும். ஜப்பானிய அனிமோன் கோடைக் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை இடுப்புயரத்தில் பூக்கும். ஒன்றுக்குச் சரியான பராமரிப்பு மற்றொன்றை அழுக வைக்கும். எனவே முழுப்பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

கொரோனாரியாவின் கிழங்கு பார்க்கச் சுக்குத் துண்டு மாதிரி இருக்கும். அதை அப்படியே ஈர மண்ணில் புதைத்தால் முளைப்பு ஒரே சீராக வராது, சில முளைக்காமலே போகும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 3–4 மணி நேரம் ஊற வைத்தால் கிழங்கு கண்ணுக்குத் தெரியும்படி உப்பும், அப்போது எடுத்துவிட வேண்டும். நாள் கணக்கில் தண்ணீரிலேயே விட்டால் காற்றில்லாமல் உள்ளுக்குள் அழுகிவிடும். நடும்போது கொழகொழப்பாக இருப்பதைத் தூக்கிப் போடுங்கள். எந்தப் பக்கம் மேலே என்பதிலும் பலருக்குக் குழப்பம் உண்டு. கூர்மையான முனை கீழே போக வேண்டும். பழைய தண்டின் தழும்பு தெரியும் தட்டையான பக்கம் மேலே வர வேண்டும். புரியவில்லையென்றால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை தானே வழி பார்த்து மேலே வரும். ஆழம் 5 செ.மீ., இடைவெளி 10 செ.மீ. போதும்.

பிரிட்டனில் பனி கடுமையாக இல்லாத பகுதிகளில் செப்டம்பர், அக்டோபரில் நட்டால் வசந்தத்தில் பூக்கும். கனடா போல மண் உறையும் இடங்களில் அதே மாதத்தில் வெளியே நட்டால் குளிரில் கிழங்கு செத்துப்போகும், அங்கே வசந்தத் தொடக்கத்தில் நடுவதே நல்லது. வெப்பம் ஏறியதும் இலை மஞ்சளாகும். நோய் என்று பயந்து தண்ணீரைக் கூட்டுகிறார்கள். அது செடி உறக்கத்துக்குப் போகும் நேரம், தண்ணீரைக் குறைக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளி கொரோனாரியாவுக்கு ஒத்துவராது. (நீலகிரியின் ஈரப் புல்வெளிகளில் இயற்கையாகவே ஓர் அனிமோன் உண்டு, ரிவுலாரிஸ். வெள்ளைப் பூ, புறப்பக்கம் நீலச் சாயல்.)

இலையும் பூக்காம்பும் முறுக்கிச் சுருண்டால் பூச்சி மருந்தைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அது கொலெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சை. மழைத்துளி தெறித்து அடுத்த செடிக்குப் பரவும், கிழங்கோடும் ஒட்டி வரும். சுருண்ட செடியைக் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மேலிருந்து தண்ணீர் தெளிக்காதீர்கள், அடுத்த ஆண்டு அதே இடத்தில் அனிமோன் நடாதீர்கள்.

நெமரோசாவில் நடக்கும் தவறு வேறு. தீக்குச்சிப் பருமனே உள்ள அதன் வேர்த்தண்டு கடை அலமாரியில் வாரக்கணக்கில் காய்ந்தால் ஊற வைத்தும் பிழைப்பது அரிது. தொட்டியில் வளரும் செடியாகவே வாங்குங்கள். கோடையில் இலை முழுக்க மறைந்துவிடும். இடம் காலியென்று நினைத்துக் கொத்திவிடாமல் இருக்க ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

ஜப்பானிய அனிமோனை நட்ட முதல் வருடம் வளர்ச்சி போதவில்லை என்று பிடுங்கி இடம் மாற்றுகிறார்கள். வேர் பிடிக்க அதற்கு இரண்டு பருவம் ஆகலாம். பிடித்துவிட்டால் பிறகு அடங்காது, மண்ணில் விடுபட்ட சிறு வேர்த்துண்டுகூடப் புதுச் செடியாகும். பெயர்கள் தப்பாவதற்கு இதுவே பெரிய காரணம். இளஞ்சிவப்பு ரகமான பழைய 'செப்டம்பர் சார்ம்' இருந்த இடத்தில் வெள்ளை ரகமான 'ஹோனோரின் ஜோபேர்' நட்டால், இரண்டாம் வருடம் வெள்ளைக்கு நடுவே இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். செடி நிறம் மாறிவிட்டது என்பார்கள். கீழே தங்கிய பழைய வேர்தான் முளைத்திருக்கிறது. அந்தக் கொத்தைப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுத்தால் தவறான பெயரும் கூடவே போகும். ஆகவே பூத்திருக்கும்போதே எந்தத் தண்டு எது என்று நூல் கட்டி அடையாளம் வைத்த பிறகே பிரியுங்கள்.

பெருக்குவதற்குக் குளிர்காலத்தில் 5–8 செ.மீ. வேர்த்துண்டுகளை வெட்டி, மண் கலவையின் மேல் படுக்கையாக வைத்து 1 செ.மீ. மூடினால் போதும். ஒரு தட்டில் ஒரே ரகம்தான். 'ஹோனோரின் ஜோபேர்' விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது 1858-ல் பிரான்சில் ஓர் இளஞ்சிவப்புச் செடியில் தோன்றிய வெள்ளை மாற்றம். இது சேர்ந்த × ஹைப்ரிடா (ஜப்பானிய அனிமோன் கலப்பினம்) ரகங்கள் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, கட்டினாலும் விதையிலிருந்து வருவதற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

சீட்டு எழுதுவதற்கும் ஒழுங்கு உண்டு. ரகப் பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் வரும், அதை மொழிபெயர்க்கக் கூடாது. ஜெர்மானிய ரகம் 'கோனிகின் ஷார்லோட்டே'தான், "குயின் சார்லட்" என்பது விற்பனைக்காக மாற்றியது. 2011-ல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்வான வைல்டு ஸ்வானின் உண்மையான ரகப் பெயர் 'மக்கேன்001', வைல்டு ஸ்வான் வணிகப் பெயர் மட்டுமே. கொரோனாரியாவில் "டி கான்" என்பதும் ஒரு ரகமல்ல, ஒற்றையடுக்குப் பூக்களின் குழு. அதற்குள்தான் சிவப்பு 'ஹாலந்தியா', நீல 'மிஸ்டர் ஃபோக்கர்' எல்லாம். அடுக்குப் பூக்கள் வருவது செயின்ட் பிரிஜிட் குழுவில்.

இப்போது லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் பட்டியலில் ஜப்பானிய அனிமோன்கள் எரியோகாபிடெல்லா என்றும், நெமரோசாவும் பிளாண்டா என்ற இன்னொரு வகையும் அனிமோனாய்டிஸ் என்றும் இருக்கின்றன. கொரோனாரியா அனிமோனாகவே நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு பழைய சீட்டுகளை எறிய வேண்டாம். பேரினப் பெயர் மாறினாலும் மேற்கோளுக்குள் இருக்கும் ரகப் பெயர் மாறாது.

சந்தேகம் வந்தால் பூவின் நிறத்தை நம்பாதீர்கள், பூவுக்குக் கீழே தண்டைச் சுற்றியிருக்கும் இலை வளையத்தைப் பாருங்கள். அது நூல் நூலாகப் பிளந்திருந்தால் கொரோனாரியா. பிளவில்லாமலோ நுனியில் மட்டும் லேசாகப் பிளந்தோ இருந்தால் அது பவோனினா என்ற வேறோர் அனிமோன், கடைகளில் இதையும் கொரோனாரியா என்றே விற்பதுண்டு. சீட்டில் பெயரோடு வாங்கிய இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.