ஆஸ்திரேலிய ஊர் ஷோவில் கேக்கும் காய்கறியும் போட்டிக்கு வைப்பது எப்படி

சிட்னியில் இருக்கிற நம்மவர்கள் பலர் வருஷா வருஷம் பிள்ளைகளை ஈஸ்டர் ஷோ என்கிற விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகிறார்கள், ஆட்டுக்குட்டியைத் தடவி, ராட்டினம் ஏறி, மிட்டாயும் பொம்மையும் அடைத்த ஷோ பேக் வாங்கித் திரும்பி வருகிறார்கள். வழியில் கேக்கும் ஜாமும் ரிப்பன் ஒட்டி வைத்திருக்கிற கூடத்தையும் எட்டிப் பார்ப்பதுண்டு. ஆனால் நாமும் அங்கே ஒன்று வைக்கலாமே என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. தாராளமாக வைக்கலாம். இந்த ஷோவின் முதல் பதிப்பு 1823-ல் நடந்ததே பரமட்டாவில்தான், இன்று நாம் மளிகை வாங்கப் போகிற வென்ட்வொர்த்வில்லுக்குப் பக்கத்தில்.

சிட்னி ராயல் என்று சொல்கிற அந்தப் பெரிய ஈஸ்டர் ஷோவிலேயே தொடங்க வேண்டாம். கயாமா, பெரி, ராபர்ட்சன், காசில் ஹில், ஹாக்ஸ்பரி என்று நியூ சவுத் வேல்ஸில் ஊர் ஊராகத் தனித்தனி ஷோ இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஊர்த் தொண்டர்கள், புதிதாக ஒருவர் தட்டோடு வந்து நின்றால் உண்மையிலேயே சந்தோஷப்படுவார்கள். போட்டியில் சேருகிற கட்டணம் சொற்பம், பரிசுப் பணமும் சொற்பம், ரிப்பன்தான் பெரிசு. முதல் பரிசுக்கு நீலம், இரண்டாவதுக்குச் சிவப்பு.

முதல் வேலை, அந்த ஊர் ஷோவின் ஷெட்யூலை எடுத்துப் படிப்பது. எந்தக் கிளாஸில், அதாவது போட்டிப் பிரிவில், எதை வைக்கலாம், எத்தனை வைக்க வேண்டும், எந்த அளவில், எந்த மாதிரித் தட்டில், எப்போது கொண்டுவர வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். "ப்ளெயின் ஸ்கோன், 6" என்று போட்டிருந்தால் (ஸ்கோன் என்பது சின்ன வட்ட பன் மாதிரி) ஆறுதான், ஐந்தும் இல்லை ஏழும் இல்லை. எண்ணிக்கை தப்பினால், அல்லது ஐசிங் வேண்டாம் என்ற கேக்குக்கு ஐசிங் போட்டிருந்தால், நடுவர் அட்டையில் என்.ஏ.எஸ். என்று எழுதிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். ஷெட்யூலில் சொன்னபடி இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ருசி பார்க்கவே மாட்டார்கள். நம் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டுப் பிரமாதம் என்று சொன்னது அங்கே கணக்கில் வராது, கேட்டதைக் கேட்டபடி வைத்தவர்களுக்குள்தான் போட்டியே நடக்கிறது. இது கொஞ்சம் கறாராகத் தெரியலாம், ஆனால் எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. யார் வைத்தார்கள் என்று தெரியாமல் அட்டையில் இருக்கிற நம்பரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி வேண்டும், அந்த வரி நேற்று வந்தவருக்கும் நாலு தலைமுறையாக அங்கே இருப்பவருக்கும் ஒன்றுதான்.

சமையல் பக்கம் வந்தால், நீங்கள் முதலில் முயல வேண்டியது ரிச் ஃப்ரூட் கேக் என்றுதான் சொல்வேன். காரணம், அது மாநிலம் முழுக்க ஒரே செய்முறையில் நடக்கிற போட்டி. எல்லோரும் அதே அளவில் அதே சாமானைப் போட வேண்டும், அதனால் ரகசியக் குறிப்பு வைத்திருக்கிற பாட்டிமாரிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். சுல்தானா, ரெய்சின், கரண்ட் என்ற மூன்று வகை உலர்திராட்சையும் 250 கிராம் வீதம், பழத்தோல் கலவை 125 கிராம், சிவப்பு கிளாஸே செர்ரி 90, தோலுரித்த பாதாம் 90, ஷெர்ரி ஒயின் அல்லது பிராந்தி மூன்றில் ஒரு கப். மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் கலந்தே வருகிற செல்ஃப் ரைசிங் மாவு 60 கிராம், வெண்ணெய் 250, பிரவுன் சுகர் 250, பெரிய முட்டை நான்கு. ஜாதிக்காய்த் தூள் கால் டீஸ்பூன், சுக்கும் கிராம்பும் அரை அரை டீஸ்பூன். எலுமிச்சை, பாதாம், வனிலா எசென்ஸ் ஒவ்வொன்றும் அரை டீஸ்பூன். இங்கே நம் கை சும்மா இருக்காது, ஏலக்காய் ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள்.

பழத்தை நறுக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ரெய்சினை இரண்டு மூன்று துண்டாக, செர்ரியை நான்கு முதல் ஆறு துண்டாக, பாதாமைக் குறுக்கே மூன்று நான்காக வெட்டச் சொல்வார்கள். கத்தியை விடக் கத்தரிக்கோல் நல்லது, அவ்வப்போது வெந்நீரில் முக்கிக்கொண்டால் ஒட்டாது. கேக்கை நடுவில் வெட்டினால் அந்த முகத்தில் பழம் எல்லாம் ஒரே அளவில், மேலிருந்து அடி வரை சமமாகப் பரவியிருக்க வேண்டும், பெரிய செர்ரி ஒன்று அடியில் போய் உட்கார்ந்திருந்தால் அதுவே முதலில் கண்ணில் படும். நறுக்கிய பழத்தை ஷெர்ரியில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் வெண்ணெய், சர்க்கரை, எசென்ஸ் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாக அடித்து, பழத்தையும் சலித்த மாவையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். மரக்கரண்டியைக் குத்தினால் நிற்கிற அளவுக்குக் கலவை கெட்டியாக இருக்க வேண்டும்.

டின் 20 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே போடுகிற காகிதத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது கேக்கின் பக்கத்தில் கோடாகப் பதியும், மூலைகளைக் கத்தரித்து மடித்து, படிய அழுத்துங்கள். கலவையை மூலை வரை அமுக்கி நிரப்பி, டின்னைத் துணி விரித்த மேடையில் நாலு தடவை தட்டினால் காற்று வெளியேறும், அப்புறம் ஈரக்கையால் மேலே தடவி மட்டமாக்குங்கள். மெதுவான சூட்டில், 140 டிகிரி பக்கம், மூன்றரை முதல் நான்கு மணி நேரம். டின்னிலேயே முழுக்க ஆறவிட வேண்டும். ஷோவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுட்டுச் சுற்றி வைத்தால் வாசனை நன்றாகக் கூடி வரும்.

ஸ்கோன் இதற்கு நேர் எதிர், அன்று காலையில் சுட வேண்டியது. மாவை அதிகம் பிசையாதீர்கள், வெட்டுகிற அச்சை நேராக இறக்கி நேராக எடுங்கள், திருகினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். நல்ல சூடான ஓவன், 220 டிகிரி. ஒன்றுக்கொன்று தொடுகிற மாதிரி அடுக்கினால் நேராக உயரும். சுட்டதும் அடியில் ஒட்டிய மாவைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மற்ற கேக் எதுவானாலும், ஆற வைக்கிற கம்பித் தட்டின் மேல் ஒரு துணியை விரித்து அதன் மேல் கவிழுங்கள், கம்பித் தடம் பதிந்த கேக்கை நடுவர்கள் மன்னிப்பதில்லை.

ஜாம், ஊறுகாய்க்கு பாட்டில்தான் முகம். கடை பிராண்ட் பெயர் மூடியிலோ கண்ணாடியிலோ இருக்கக் கூடாது. விளிம்புக்குக் கிட்டத்தட்ட நிரப்பி, நுரையும் காற்றுக் குமிழும் இல்லாமல் பார்த்து, உள்ளே இருப்பதன் பெயரும் தேதியும் எழுதி நேராக லேபிள் ஒட்டுங்கள். நம் எலுமிச்சை ஊறுகாயை வைக்க வேண்டுமானால் ஷெட்யூலில் லைம் பிக்கிள் என்றோ, வேறு எந்த ஊறுகாயும் என்றோ கிளாஸ் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே அந்தப் பிரிவைக் கவனிக்கிற ஸ்டூவர்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாம்.

காய்கறியில் நம்மவர்கள் கை ஓங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. சிட்னியின் மேற்கே டூங்காபி பக்கம் பின்கட்டில் மிளகாயும் பாகற்காயும் வெண்டையும் வைக்காத தமிழ் வீடு குறைவு. மிளகாய்க்குப் பல ஷோக்களில் தனிக் கிளாஸே இருக்கிறது, பாகற்காயைப் "பட்டியலில் இல்லாத பிற காய்" என்பதில் வைக்கலாம், கறிவேப்பிலையை மூலிகைத் தொகுப்பில் பெயர் எழுதி வைக்கலாம். பெரிய காய்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. எடைக்கென்று தனியாக இருக்கிற பூசணிக் கிளாஸ் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பதற்குத்தான் மதிப்பு. ஐந்து தக்காளி கேட்டால், பறித்த எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒரே அளவு, ஒரே மாதிரிப் பழுத்தது, காம்போடு உள்ள பச்சை இதழ் வாடாதது என்று பொறுக்குங்கள், நாலு அருமையாகவும் ஒன்று சற்றுப் பெரிதாகவும் இருப்பதை விட ஐந்தும் நடுத்தரமாக ஒத்துப்போவது மேல். மிளகாயைக் காம்போடு பறித்து எல்லாக் காம்பும் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம், காயின் மேல் இயற்கையாக இருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும். எண்ணெய் தடவவே கூடாது. கோழி வளர்க்கிறவர்கள் முட்டையும் வைக்கலாம், அளவும் ஓட்டின் நிறமும் ஒத்திருக்கட்டும். ஒன்றை உடைத்து மஞ்சள் கரு எழும்பி நிற்கிறதா என்று பார்க்கிற நடுவர்களும் உண்டு, அதனால் புது முட்டையாக இருக்க வேண்டும்.

பெயர் கொடுக்கிற கடைசித் தேதி ஷோவுக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும், பொருளைக் கொடுப்பது முந்தின நாளோ அன்று காலையோ. தீர்ப்பு நடக்கும்போது கூடத்தை மூடிவிடுவார்கள். திறந்ததும் உங்கள் அட்டையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ரிப்பன் இல்லாவிட்டால் கூச்சப்படாமல் ஸ்டூவர்டிடம் கேளுங்கள், எது குறைந்தது என்று பொறுமையாகச் சொல்வார்கள். பக்கத்துத் தட்டில் நீல ரிப்பன் வாங்கியதையும் நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃப்ரூட் கேக்கில் உங்களுக்கே முதல் பரிசு வந்துவிட்டால், அடுத்தது மண்டலப் போட்டி, அதிலும் ஜெயித்தால் சிட்னி ராயலில் இறுதிப் போட்டி. வெட்டிய கேக்கையே கொண்டுபோக முடியாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக ஒன்று சுட வேண்டும். அதனால் மண்டலப் போட்டியின் தேதியை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொண்டு, திரும்பி வரும்போதே பழம் வாங்கிவிடுங்கள்.