கழிமுகக் கரையில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லாத அந்தத் தரையை, நன்கு பழகிய ஒருவர் ஒரே பகலில் சைக்கிளில் கடந்துவிடலாம், பலரும் கடந்திருக்கிறார்கள். ஆனால் முட்டுக்காட்டுக் கழி, பாலாற்று முகத்துவாரம், ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய உப்பங்கழி, மரக்காணத்து உப்பளங்கள், கழுவெளிச் சதுப்பு நிலம், அவற்றுக்கும் தெற்கே வெள்ளாறு, பிச்சாவரம் என நீரும் நிலமும் மாறி மாறி வரும் கரை இது. இதைக் காணப் புறப்படுகிறவர் கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டு மிதித்தால், கடலை அருகில் பார்க்காமலேயே புதுச்சேரியை அடைந்துவிடுவார். சாலையின் பெரும்பகுதி சவுக்குத் தோப்புகளுக்கும் சுற்றுச்சுவர்களுக்கும் பின்னால்தான் ஓடுகிறது. பார்க்க வேண்டியவை எல்லாம் அதிலிருந்து கிழக்கே பிரியும் சிறு கிளைச் சாலைகளின் முடிவில் இருக்கின்றன. ஆகவே நாளொன்றுக்கு 50 அல்லது 60 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடுவதே என் கணிப்பில் முதல் தவறு. முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொள்வதும், இரண்டாம் நாள் கடப்பாக்கம் அல்லது மரக்காணம் வரை செல்வதும் போதுமானவை.

தூரத்தைவிடக் கூடுதலாகக் கணக்கில் கொள்ள வேண்டியது காற்று. சமதரையில் ஏற்றம் இல்லை என்று மகிழ்கிறவர்கள், எதிர்க்காற்றுதான் இக்கரையின் மலை என்பதை இரண்டாம் நாள் பிற்பகலில் உணர்கிறார்கள். நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பிரித்துப் பெயரிட்டதன் பொருள், சைக்கிள் மிதிக்கும்போது உடம்பிலேயே புலப்படும். பொங்கலுக்குப் பிறகு, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், தெற்கு நோக்கிச் செல்பவருக்கு அது முதுகைத் தள்ளும் துணையாகிறது. பங்குனி தொடங்கியதும் காற்று தென்கிழக்குக்கும் தெற்குக்கும் திரும்பிவிடுகிறது. அப்போதும் சென்னையிலிருந்து தெற்கு நோக்கியே புறப்படுவது வீண் உழைப்பு. அம்மாதங்களில் ரயிலில் சிதம்பரம் சென்று இறங்கி, அங்கிருந்து வடக்கு நோக்கி மிதித்து வருவதே பொருத்தம். சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும், வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் சிறு நிலையங்களில் அதை ஏற்றி இறக்க இயலாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. எந்தப் பருவமானாலும், நிலம் சூடேறிய பிறகு நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். ஆதலால் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. அம்மாதங்களில் இக்கரையில் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. கைப்பேசி வரைபடத்தில் கடற்கரை ஒரே கோடாகத் தெரிவதைக் கண்டு, ஆற்று முகத்துவாரத்தை மணல் திட்டின் வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம் என்று எண்ணுவதுதான் அது. வரைபடம் காட்டும் அந்த மணல் திட்டு ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. இக்கரையில் அலைகள் ஆண்டு முழுமைக்குமான கணக்கில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகவே கூடுதலாக நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றதும் இந்த நகர்வினால்தான். ஆற்றில் நீர் வற்றும் கோடையில் அந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துத் திட்டாக எழுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்கிறது. உடைப்பு சென்ற ஆண்டு இருந்த இடத்திலேயே இந்த ஆண்டும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சோழமண்டலக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு பெரிதன்று; சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் அது ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆனால் கழி முழுவதிலும் ஏறி நின்ற நீர் வற்றத்தின்போது ஒரு குறுகிய வாய் வழியே வெளியேறும்போது, முழங்கால் ஆழமே ஒரு மனிதரை வீழ்த்தப் போதுமானது. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு முகத்துவாரத்தில், சுமையேற்றிய சைக்கிளோடு பத்தடி இறங்கிய நான், காலடி மணல் அரித்துக்கொண்டு போவதை உணர்ந்து திரும்பினேன். கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவர், "தண்ணி இழுக்குற நேரத்துல நாங்களே எறங்க மாட்டோம் தம்பி" என்றார். அன்று முதல், முகத்துவாரத்தை நெருங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் கேட்காமல் நான் நீரில் கால் வைப்பதில்லை. அங்கே குளிப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

இதிலிருந்து தூரக் கணக்கும் மாறுகிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரியும். சைக்கிளில் அங்கே சேர வேண்டுமானால் பாலம் இருக்கும் இடம் வரை உள்நோக்கிச் சென்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். கழிமுக நாட்டில் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பி, மாலை வெளிச்சத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்வதால்தான் பலர் இருட்டில் சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இருட்டிய பின் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும், அறுவடைக் காலத்தில் கடலூர் மாவட்டத்தின் கிளைச் சாலைகளில் காயப்போட்டிருக்கும் நெல்லும் கண்ணில் படுவதில்லை. நெல்லானாலும் கருவாடானாலும் வலையானாலும் அவற்றின் மேல் சைக்கிளை ஏற்றாமல் இறங்கித் தள்ளிச் செல்வது, அந்த ஊரில் நமக்கு ஒரு செம்பு தண்ணீர் கிடைப்பதற்கும் உதவும்.

சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து புறப்படுவதும், ஞாயிறு மாலையில் சென்னைக்குள் நுழைவதும் தவிர்க்க வேண்டியவை. நகரமே காரில் ஏறிக் கடற்கரைக்குப் போய்த் திரும்பும் நேரங்கள் அவை. பாலத்தின் நடுவே நின்று படம் எடுப்பதும் கூடாது. கழியின் திறந்த வெளியில் பக்கக்காற்று பலமாக வீசும். கடந்து செல்லும் பேருந்து அக்காற்றை ஒரு கணம் மறைத்து மீண்டும் விடுவிக்கும்போது, பெட்டிகள் மாட்டிய சைக்கிள் நிலை தடுமாறிவிடும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் கடலை நோக்கித் திரும்பிப் பார்க்கலாம் என்றோ படம் எடுக்கலாம் என்றோ எண்ண வேண்டாம்; அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது, அதைப் பார்க்கலாம்.

மரக்காணத்து உப்பளங்களின் நடுவே நிழல் என்பதே இல்லை. உப்பு விளைவதற்கு எந்த வெயிலும் காற்றும் தேவையோ, அவையே நம் உடலின் நீரையும் உறிஞ்சுகின்றன. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே செல்வது போதாது; வியர்வையோடு போன உப்பு திரும்ப வேண்டும். உப்பிட்ட மோரும் இளநீரும் கோடையில் நுங்கும் வழிநெடுகக் கிடைக்கின்றன.

சைக்கிளைப் பொறுத்தவரை, ஈர மணலில் ஓட்டிவிட்டு அப்படியே எண்ணெய் விடுவது செயினுக்குச் செய்யும் பெரிய தீங்கு. மணலும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாள் போலப் பற்களைத் தேய்த்துவிடும். நன்னீரால் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே எண்ணெய் இட வேண்டும். படிந்த உப்பு இரவின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஒரே இரவில் செயினில் துரு ஏறிவிடுவதைக் காணலாம். கிளைச் சாலைகளின் ஓரங்களில் சீமைக்கருவேல முள் நிறைந்திருக்கும். கூடுதல் ட்யூப் குறைந்தது இரண்டு வேண்டும். வெளிநாட்டு வகைச் சைக்கிள்களில் உள்ள மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளின் பம்பு பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளாமல் புறப்பட்டவர்கள், பக்கத்திலேயே கடை இருந்தும் காற்றில்லாத சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

பிச்சாவரத்தில் ஒரு எச்சரிக்கை மிகவும் தேவை. அங்குள்ள அலையாத்திக் காட்டில் சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் அதுதான். அதன் கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். நிழல் தேடி அடையாளம் தெரியாத மரத்தில் சைக்கிளைச் சாய்ப்பதும், கை ஊன்ற ஒரு கிளையை வளைப்பதும் அங்கே வேண்டாம். படகுத்துறைக்குக் காலையிலேயே சென்று, சைக்கிளை அங்கேயே பூட்டி நிறுத்திவிட்டு, துடுப்புப் படகில் குறுகிய வாய்க்கால்களுக்குள் செல்வதே அக்காட்டைக் காணும் நல்ல வழி.