சின்ன நாடுகளைப் பற்றிப் பேசும்போது கடுகை விட்டுவிடுங்கள்

அண்ணா நகரில் ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்துக்கு வாரக் கடைசியில் விடைத்தாள் திருத்திக் கொடுக்கிறேன். போன மாதம் கேட்ட கேள்வி: ‘உலக அரசியலில் சிறு நாடுகளின் பங்கு என்ன?’ 15 மதிப்பெண். கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தேன். ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்று தொடங்கியது. இரண்டாவதிலும் அதே கடுகு. ஏழாவது தாளுக்குள் எனக்கு மூக்கில் நெடி ஏறிவிட்டது.

பழமொழி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதியதும் யோசிப்பது நின்றுபோகிறது, அதுதான் சங்கடம். சிறு நாடு என்றால் பெரிய நாட்டைக் குறுக்கி வைத்த வடிவம், கூடவே கொஞ்சம் காரம் என்று கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த நாடுகளின் பலம் வேறு இடங்களில் இருக்கிறது. அடி வாங்குவதும் வேறு இடங்களில்தான். தாள்களில் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகளை எழுதுகிறேன். டீக்கடைப் பேச்சிலும் இதே தவறுகள்தான் வருகின்றன.

வரைபடத்தில் அளப்பது

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் நாடு முழுவதுமே சுமார் 735தான். இதை வைத்துப் பாதிப் பேர் ‘மிகச் சிறிய நாடு’ என்று எழுதி நகர்ந்துவிட்டார்கள். அது சரி, சின்னது என்று எதை வைத்துச் சொல்வது? ஒரே அளவுகோல் கிடையாது. 1992-ல் சிங்கப்பூர் முன்னின்று ஐ.நா.வில் சிறு நாடுகளுக்கு ஒரு மன்றம் தொடங்கியது. மக்கள்தொகை ஒரு கோடிக்குள் இருப்பது அதற்குப் பொதுவான வரம்பு. காமன்வெல்த்தின் கோடு 15 லட்சம், அதிலும் சில விதிவிலக்குகள். இரண்டு கோடிக்கு மேல் மக்கள் உள்ள இலங்கை இந்த இரண்டு கோட்டுக்குள்ளும் வராது. ஆனாலும் ராமேசுவரத்தில் நின்று பார்க்கிற நமக்கு அது சின்ன நாடு. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிற சொல் இது.

அந்த மன்றத்தில் இப்போது நூறு நாடுகளுக்கு மேல். ஐ.நா. உறுப்பினர்கள் மொத்தம் 193. அப்படியென்றால் உலகில் சாதாரண நாடு என்பதே சின்ன நாடுதான். நம்மைப் போன்ற நூறு கோடி தாண்டிய தேசம்தான் விதிவிலக்கு. இதை ஒருவர்கூட எழுதவில்லை.

இன்னொன்று, தரையை மட்டும் அளக்கிறோம். பசிபிக்கில் கிரிபாட்டி என்று ஒரு நாடு. நிலம் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீனுக்கும் கனிமத்துக்கும் அந்த நாடு உரிமை கொண்டாடும் கடல், சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பே 33 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஓடுகிற சூரை மீனைப் பிடிக்க உலகத்துப் பெரிய கப்பல்கள் எல்லாம் வருகின்றன. 1982-ல் நவுரு ஒப்பந்தம் போட்ட எட்டு நாடுகள் (கிரிபாட்டி, துவாலு, பலாவ் எல்லாம் இதில் உண்டு) பிற்பாடு ஒரு முறை கொண்டுவந்தன. எத்தனை டன் பிடித்தாய் என்று கேட்பதில்லை, எத்தனை நாள் வலை போட்டாய் என்று கணக்கு. ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்கு அடிப்படைக் கட்டணம் 8,000 டாலர். தனித்தனியாக இருந்தால் ஒருவரை விட்டு ஒருவரிடம் பேரம் பேசி விலையை இறக்கியிருப்பார்கள். எட்டுப் பேரும் ஒரே விலை சொன்னதால் கப்பல்காரர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காசிமேட்டில் ஏலம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பொம்மை என்று முடிவு கட்டுவது

‘மாலத்தீவு சீனா பக்கம் சாய்ந்துவிட்டது.’ 2023 கடைசியில் இந்தத் தலைப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இந்திய வீரர்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லித் தேர்தலில் வென்றவர் அதிபர் முய்சு. 2024 மே 10-க்குள் வீரர்கள் திரும்பினார்கள், அவர்கள் இடத்தில் சீருடை இல்லாத இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதே முய்சு டெல்லி வந்து, 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டோடு ஊர் திரும்பினார். 2025 ஜூலையில் மாலத்தீவு சுதந்திர நாளுக்குச் சிறப்பு விருந்தினர் நம் பிரதமர். இதில் எந்தக் கட்டத்தில் அந்த நாடு யாருடைய பொம்மையாக இருந்தது?

‘மதில் மேல் பூனை’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். பொம்மைக்கு இது தேவலாம். ஆனால் எந்தப் பக்கம் குதிப்பது என்று தெரியாமல் தவிக்கிற பூனை இல்லை இது. இரண்டு வீட்டுக்கும் எலி பிடித்துக் கொடுத்து இரண்டு வீட்டிலும் பால் வாங்குகிற பூனை. ஜிபூட்டியைப் பாருங்கள். செங்கடலின் வாயில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, சீனா எல்லோருக்கும் படைத்தளத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.

மாலத்தீவைப் பற்றி இன்னொரு பழைய கதையும் சொல்ல வேண்டும். 1988 நவம்பர் 3 விடியற்காலையில் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டின் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் கொண்டு அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அன்று இரவே ஆக்ராவிலிருந்து இந்திய விமானங்கள் போய் இறங்கின. இதைப் பாதித் தாள்களில் எழுதியிருந்தார்கள், இந்தியாவின் பெருமையாக. அடுத்த வருடம் மாலத்தீவு என்ன செய்தது என்பதை யாரும் எழுதவில்லை. சிறு நாடுகளின் பாதுகாப்பு என்ற விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானம் வாங்கியது. 1989 நவம்பரில் கடல்மட்ட உயர்வு பற்றித் தீவு நாடுகளை மாலேயில் கூட்டியது. 1990-ல் சிறுதீவு நாடுகளின் கூட்டணி பிறந்தது. பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தில் புவி வெப்ப உயர்வின் வரம்பாக 1.5 டிகிரி என்ற எண் இடம்பிடித்தது என்றால், அதை விடாமல் பிடித்திழுத்தவர்களில் முதல் வரிசை இந்தத் தீவுக்காரர்கள்தான்.

வீரக் கதையாக்குவது

பொம்மைக்கு நேர் எதிரான தவறு இது. ஐஸ்லாந்து இதற்குத் தோதான உதாரணம். ராணுவமே இல்லாத நாடு, அப்போது மக்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம். மீன்பிடி எல்லைக்காக பிரிட்டனோடு மூன்று முறை மோதியது. கடைசி மோதல் 1975-76-ல். ஐஸ்லாந்துக் கடலோரக் காவல் படகுகள் பிரிட்டிஷ் இழுவலைகளின் கம்பியை அறுத்துவிட்டன. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. கடைசியில் 200 கடல் மைல் எல்லையை பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

துணிச்சல் என்று எழுதி முடித்தால் பாதி மதிப்பெண்தான். கெஃப்லாவிக்கில் இருந்த நேட்டோ தளத்தையும் சொல்ல வேண்டும். சோவியத் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் வருவதைக் கண்காணிக்கும் இடம் அது. நேட்டோவை விட்டு விலகுவோம் என்று ஐஸ்லாந்து சொன்னபோது பிரிட்டனின் கூட்டாளிகளே பிரிட்டனை நெருக்கினார்கள். துணிச்சல் இருந்தது, ஆனால் அது விலைபோனது அந்த இடத்தால், அந்தக் காலத்தால். இதைப் படித்ததும் பாக் நீரிணைதான் நமக்கு நினைவுக்கு வரும். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

நல்ல மனசு என்று நினைப்பது

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அவர் காலத்தில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்ததை சிங்கப்பூர் கடுமையாக எதிர்த்தது. 1983-ல் கரீபியன் தீவான கிரெனடாவுக்குள் அமெரிக்கா நுழைந்தபோது, நண்பன் என்றும் பாராமல் ஐ.நா.வில் எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2022-ல் ரஷ்யா மீது தானாகவே தடை விதித்தது. ‘அறம் சார்ந்த வெளியுறவுக் கொள்கை’ என்று ஒருவர் அழகாக எழுதியிருந்தார். அறம் இருக்கலாம். ஆனால் கணக்கு அதைவிடத் தெளிவானது: ஒரு காரணம் காட்டிப் பெரியவன் சின்னவன் வீட்டுக்குள் நுழையலாம் என்று வழக்கமாகிவிட்டால் அடுத்த வீடு தன்னுடையதாக இருக்கலாம்.

சிங்கப்பூருக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. 2017-ல் கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்டபோது, சின்ன நாடு சின்ன நாடாக நடந்துகொள்ள வேண்டும் என்று முன்னாள் தூதர் கிஷோர் மஹ்பூபானி எழுதினார். அப்படித் தலைகுனிந்திருந்தால் சிங்கப்பூரே இருந்திருக்காது என்ற தொனியில் இன்னொரு முன்னாள் தூதர் பிலஹரி கௌசிகனும் அமைச்சர் கே. சண்முகமும் பதில் கொடுத்தார்கள். இந்தச் சண்டையைத் தேடிப் படியுங்கள், பத்துப் பாடப்புத்தகத்துக்குச் சமம்.

மத்தியஸ்தரிடம் தடி இருக்கிறது என்று நம்புவது

இந்தத் தவறைத் தமிழர்கள் நாம் நேரடியாகச் செய்திருக்கிறோம். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே நார்வே போர்நிறுத்தம் கொண்டுவந்தது. நார்வேயின் சமாதானத் தூதர் எரிக் சோல்ஹெய்ம் என்ற பெயர் அன்றைக்கு மயிலாப்பூர் முதல் மாம்பலம் வரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அதே பெயர் பின்னாளில் வசையாகவும் ஆனது. ஏன் நடுவராக நார்வே? இரண்டு தரப்பையும் அடிக்க அதனால் முடியாது, அந்த வட்டாரத்தில் அதற்குச் சொந்த ஆசையும் இல்லை, அதனால்தான் இருவரும் வீட்டுக்குள் விட்டார்கள். அடிக்க முடியாது என்பதாலேயே, 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை விட்டு விலகியபோது தடுக்கவும் முடியவில்லை. பலம் எதுவோ அதுவேதான் பலவீனமும்.

கத்தார் கொஞ்சம் வேறு. எரிவாயுப் பணம் உண்டு, அல் உதெய்தில் அமெரிக்கத் தளம் உண்டு, தலிபானும் ஹமாஸும் அலுவலகம் வைத்திருக்கவும் இடம் உண்டு. அமெரிக்காவும் தலிபானும் 2020 பிப்ரவரி 29-ல் கையெழுத்திட்டது தோஹாவில். இவ்வளவு பேருக்கும் வேண்டியவராக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்றுதான் தோன்றும். 2025 செப்டம்பர் 9-ல் இஸ்ரேல் தோஹாவிலேயே குண்டு போட்டது.

தீர்ப்பு வந்தால் வேலை முடிந்தது என்பது

இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் பிடியில் இருந்த, மொரீஷியஸ் உரிமை கோரிய சாகோஸ் தீவுகள் விவகாரத்தில் 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் மொரீஷியஸ் பக்கம் கருத்துச் சொன்னது. மூன்றே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபையில் 116-க்கு 6 என்று பிரிட்டன் தோற்றது. இரண்டுமே சட்டப்படி கட்டாயப்படுத்தாதவை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த 116-6 கணக்கைப் பிரிட்டன் கேட்க வேண்டியிருந்தது. 2025 மே 22-ல் இறையாண்மையை ஒப்படைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது, அங்குள்ள தீகோ கார்சியா ராணுவத் தளத்தை 99 வருடம் பிரிட்டனே வைத்துக்கொள்கிற நிபந்தனையோடு. அந்தத் தீவுகளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு முன் விரட்டப்பட்ட மக்களில் பலர், எங்களை யார் கேட்டீர்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். ‘மொரீஷியஸின் வெற்றி’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா இன்னும் கசப்பான கதை. இணையச் சூதாட்டத் தடை தொடர்பாக உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவையே தோற்கடித்தது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று 2007-ல் தீர்ப்பு. தன் கடைகளுக்கே சரக்கு அமெரிக்காவிலிருந்து வருகிற ஒரு தீவு, அமெரிக்காவுக்கு எப்படிப் பதிலடி கொடுக்கும்?

அன்றைய கட்டில் கடைசியாக இருந்த தாள் ராயபுரத்துப் பையனுடையது. கையெழுத்து கோழி கிளறினாற்போல. முதல் வரி: ‘ஒரு நாளைக்கு 8,000 டாலர் வாங்கிக்கொண்டு கடலைத் திறந்துவிடும் நாடுகள் உண்டு.’ கடுகு எங்குமே இல்லை. 15-க்கு 11 போட்டேன். எழுத்துப் பிழைகளுக்காக ஒன்று குறைத்திருக்கலாம், மனசு வரவில்லை.