சின்ன ஊரில் வானொலி நிலையம்: ஆரம்பித்தபின் அதை ஓட்டுவது எப்படி

வானொலி ஆரம்பிக்கலாம் என்று கூடுகிறவர்கள் முதலில் பேசுவது டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட் என்பதைத்தான். அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கு ஸ்டுடியோவைத் திறக்க யார் வருவார், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு யார் வருவார் என்பதை முதலில் பேசுங்கள். இந்த இரண்டாவது ஆளின் பெயர் கிடைக்காதவரை உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. சின்ன நிலையங்கள் கருவி கெட்டுப்போய் மூடுவதைவிட, ஓட்டுகிற நாலு பேர் களைத்துப்போய் மூடுவதுதான் அதிகம்.

அதனால் 24 மணி நேர நேரடி ஒலிபரப்பு என்ற ஆசையை முதல் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம் இருக்கிறது. அதை நிரப்பப் போனால் எங்கேயோ இருந்து இறக்கிய பாட்டும், எந்த ஊருக்கும் பொருந்தும் அரட்டையும்தான் மிஞ்சும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி என்று நேரடியாகப் பேசுங்கள், வாரத்துக்கு 21 மணி, இதுவே கணிசமான வேலை. மீதி நேரம் கணினி பாட்டுப் போடட்டும், காலை நிகழ்ச்சியை மதியம் மறு ஒலிபரப்பு செய்யட்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஒரு நாளும் தவறக்கூடாது. 6:30-க்கு ஊர்ச் செய்தி என்றால் 6:30-க்குத்தான், 6:34-க்கு இல்லை. நேயர் வானொலியை ஒரு பழக்கமாகத்தான் கேட்கிறார், நேரம் நாலு தடவை தள்ளிப்போனால் அந்தப் பழக்கம் போய்விடும்.

அந்த ஊர்ச் செய்திதான் நிலையத்தின் உயிர். நாட்டு நடப்பும் உலக நடப்பும் எல்லோர் கைப்பேசியிலும் வந்துவிடுகின்றன, அதில் நீங்கள் போட்டி போட முடியாது. இன்று எந்தத் தெருவில் மின்சாரம் நிற்கும், தண்ணீர் எப்போது வரும், எந்தப் பேருந்து ஓடவில்லை, கண் மருத்துவர் எந்த நாள் வருகிறார், பாலத்தில் வேலை நடப்பதால் எந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும், யார் இறந்துவிட்டார், அடக்கம் எத்தனை மணிக்கு, யாருடைய சாவிக்கொத்து பள்ளிக்கூட வாசலில் கிடந்தது... இவை வேறு எங்கும் வராது. சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் ஒரே ஒரு தடவை இதில் ஒன்று யாருக்காவது உதவிவிட்டால் அந்த வீட்டில் உங்கள் அலைவரிசை நிரந்தரமாகிவிடும்.

இதற்கு ஒரு முறை வேண்டும். மின்வாரியம், குடிநீர், காவல் நிலையம், மருத்துவமனை, பள்ளிகள் என்று ஒரு தொலைபேசிப் பட்டியல் போட்டு, தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒருவர் வரிசையாகக் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எரிச்சல்படுவார்கள். அப்புறம் அவர்களே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்கள். மரண அறிவிப்பை மட்டும் குடும்பத்தில் ஒருவரிடம் நேரில் பேசி, பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி வாசித்து, இறந்ததாகச் சொன்னவர் நிலையத்துக்கு நடந்து வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதும்போது காதுக்கு எழுதுங்கள். செய்தித்தாளில் புரியாத வரியை மறுபடி படிக்கலாம், வானொலியில் அது போனது போனதுதான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல் போதும். முக்கியமான நேரத்தையும் இடத்தையும் முடிவில் இன்னொரு முறை சொல்லுங்கள். பாதியில் வந்து கேட்பவர்கள்தான் எப்போதும் அதிகம் என்பதால் மணி என்ன, இது எந்த நிலையம், யார் பேசுகிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம்.

நேயர் கேட்பதை நிகழ்ச்சியாக்குவதற்கு நல்ல உதாரணம் இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலி. 1999-இல் யுனெஸ்கோ ஆதரவோடு அங்கே ஒரு முறை தொடங்கியது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒலிபரப்பிலேயே விளக்குவார்கள். இணையம் எல்லோர் கையிலும் இருக்கிற இன்றைக்கும் இது செல்லுபடியாகும். நம்பத்தகுந்ததைப் பிரித்தெடுத்து, சொந்தப் பேச்சில் சொல்ல ஒரு மனிதர் தேவைப்படத்தான் செய்கிறார்.

நேரடித் தொலைபேசி நிகழ்ச்சிக்கு இரண்டு ஆள் கட்டாயம், ஒருவர் பேச, ஒருவர் அழைப்பை வடிகட்ட. எண்ணை வாங்கிக்கொண்டு நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள், பாதி வம்பு அங்கேயே நின்றுவிடும். ஒருவர் இன்னொருவர் மேல் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் உடனே நிறுத்தி, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்ட பிறகே தொடர முடியும் என்று சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் இரண்டு பேரையும் மறுநாள் தெருவில் பார்க்க வேண்டியிருக்கும். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளருக்கு எத்தனை நிமிடமோ மற்றவருக்கும் அத்தனை நிமிடம், கடிகாரம் பார்த்துத்தான். தேர்தல் பேச்சையே அனுமதிக்காத உரிமங்களும் உண்டு, முதலில் அதைப் படியுங்கள். ஒலிபரப்பான எல்லாவற்றையும் தானாகப் பதிவாகும்படி வையுங்கள். பல நாடுகளில் பதிவைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனையிலேயே இருக்கும். இல்லாவிட்டாலும், "நீங்கள் அப்படிச் சொன்னீர்கள்" என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்தப் பதிவுதான் காப்பாற்றும்.

இப்போது கருவிகள். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, அதனால் வாட்டைக் கூட்டுவதைவிட ஆண்டெனாவை உயர்த்துவது பலன் தரும். சமதரையில் 10 மீட்டர் உயரத்திலிருந்து அலையின் தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர், 30 மீட்டரிலிருந்து சுமார் 23. ஊருக்கு நடுவில் மேடு இருந்தால் அதன் மேல் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். ஆண்டெனாவோ டம்மி லோடோ (ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சோதனைக் கருவி) இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கவே கூடாது, சக்தி திரும்பி வந்து கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். கோபுரத்துக்கு இடிதாங்கியும் நல்ல எர்த்தும் மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கினால் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற அமைப்பைக் கவனியுங்கள், கீச்சொலிகளைக் கொஞ்சம் கூட்டி அனுப்புவது அது. அமெரிக்கக் கண்டத்தில் 75 மைக்ரோசெகண்ட், உலகின் பெரும்பகுதியில் 50. மாறி இருந்தால் ஒலி கீச்சென்றோ அமுங்கியோ வரும், காரணம் தெரியாமல் மிக்சரைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

ஸ்டுடியோவுக்கு விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வேண்டாம், அது அடுத்த அறை மின்விசிறியையும் சேர்த்துப் பிடிக்கும். சாதாரண டைனமிக் மைக், வாயிலிருந்து ஒரு கை முஷ்டி தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். சுவரில் கனத்த துணி, தரையில் விரிப்பு, ஒரு அலமாரி நிறையப் புத்தகம், எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். மைக் திறந்திருக்கும்போது ஸ்பீக்கர் தானாக அணைய வேண்டும், காதில் ஹெட்ஃபோன் இருக்க வேண்டும். பாட்டு ஓட்டும் கணினியில் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள், செய்தி வாசிக்கும் நடுவில் அப்டேட் வந்து மறுதொடக்கம் ஆகும் கணினி எல்லா நிலையத்திலும் ஒன்று இருக்கிறது. தொகுப்புக்கு ஆடாசிட்டி, தானியங்கி ஒலிபரப்புக்கு ரேடியோடிஜே அல்லது ரிவெண்டல் என்று இலவச மென்பொருளே போதும். ஒலி நின்று முப்பது நொடி ஆனால் மாற்றுப் பாட்டைத் தொடங்கி உங்கள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஓர் அமைதிக் கண்காணிப்பியும் வையுங்கள். முதலில் மின்சாரம் போகும் இடம் உங்கள் நிலையமாகத்தான் இருக்கும், அதனால் யுபிஎஸ் ஸ்டுடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் தனித்தனியாக வேண்டும்.

ஆட்களுக்கு வருவோம். குரல் இனிமையாக இருப்பவரைத் தேடாதீர்கள், நேரத்துக்கு வருபவரைத் தேடுங்கள். வானொலிக் குரல் என்று ஒன்றை வரவழைத்துப் பேசுவதை முதல் வாரத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஊரில் பேசப்படும் எல்லாப் பேச்சும் ஒலிபரப்பில் கேட்கிறதா என்றும் பாருங்கள். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது நகாட்டா பகுதியில் வாழ்ந்த கொரிய, வியட்நாமிய மக்களுக்கு அவர்கள் மொழியில் தகவல் சொல்லச் சின்னச் சின்ன வானொலிகள் முளைத்தன. அவைதான் பிறகு எஃப்எம் வைவை என்ற பன்மொழி நிலையமாக ஆயின. ஊர்ப் பெரும்பான்மையின் மொழி மட்டும் ஒலிக்கும் நிலையம் ஆபத்து நேரத்தில் பாதி ஊருக்குப் பயன்படாமல் போகலாம்.

ஆபத்து என்றதும் இன்னொன்று. 2002 ஜனவரியில் அமெரிக்காவின் மைனாட் ஊர் அருகே நள்ளிரவு தாண்டி ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு பரவியது. போலீஸால் உள்ளூர் வானொலியில் உடனே ஓர் ஆளைப் பிடிக்க முடியவில்லை. யார் மேல் தவறு என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது, அது நமக்கு வேண்டாம். உங்கள் நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் ஓர் எண் இருக்கிறதா, அது காவல் நிலையத்திலும் தீயணைப்பிலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா, சாவி வைத்திருப்பவர் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், நீங்களே அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

பணம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1949-இல் லூயிஸ் ஹில் தொடங்கிய கேபிஎஃப்ஏ என்ற வானொலி, விளம்பரம் இல்லாமல் நேயர் சந்தாவில் ஓட முடியும் என்று காட்டியது. சின்ன ஊரில் அது மட்டும் பெரும்பாலும் போதாது. கொஞ்சம் சந்தா, கொஞ்சம் உள்ளூர் விளம்பரம், வாழ்த்து அறிவிப்புகள், ஸ்டுடியோவை ஒலிப்பதிவுக்கு வாடகைக்கு விடுவது என்று பல சிற்றோடைகள் வேண்டும். ஒரே ஆள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிறார் என்றால் கவனம், அவர் செய்தி பற்றிப் போன் செய்யும் நாள் நெருங்குகிறது. வரவு செலவை மாதாமாதம் ஒலிபரப்பிலேயே படித்துவிடுங்கள், கேள்விகள் குறையும், நன்கொடை கூடும். பாட்டுக்கான உரிமைத் தொகையை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள், பின்னால் மொத்தமாக வந்தால் தாங்காது.

யாராவது கேட்கிறார்களா என்று எப்படித் தெரியும்? ரேட்டிங் எல்லாம் உங்கள் அளவுக்கு வராது. பேருந்து நிறுத்தத்திலும் மருத்துவமனை வரிசையிலும் நின்று, நேற்றுக் காலை என்ன சொன்னோம் என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கு" என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை, "அந்த நேரத்துல நான் வயல்ல இருப்பேன்" என்ற பதிலுக்கு உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமான நிகழ்ச்சி ஒன்று இருந்தால் இரண்டு வாரம் அறிவிக்காமல் நிறுத்துங்கள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை என்றால் அதைத் திரும்பத் தொடங்காதீர்கள், நடத்தியவர் கோபித்துக்கொண்டாலும் சரி, அவர் நிர்வாகக் குழுத் தலைவராகவே இருந்தாலும் சரி.